உனக்குப் பதிலாக

பலாபத்வல ஊரில், அக்காவும் தங்கையும் வாழும் வீட்டின் முன்னறையில் இயக்குநர் ஜெயதீபன் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். எதிரே நடிகை கெத்தரின். அவளுக்காகப் பேச, எப்போதும்போல் பக்கத்தில் தங்கை ரொசலின்.

கெத்தரினுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எட்டு வருடங்களாக மேடை நாடகங்களில் நடிக்கிறாள். காது கேளாத பாத்திரத்தில் காது கேளாதவரே நடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கைகளால் சொன்னதையெல்லாம் வாயால் சொன்னவள் ரொசலின்தான்.

"ஒங்க அக்கா போட்ட சத்தத்துலதான் இந்தப் படமே எழுதினேன்," என்றார் ஜெயதீபன். "கதாநாயகிக்குக் காது கேக்காது. சைகை அசலா இருக்கணும்."

ரொசலின் அதைச் சைகையில் சொன்னதும் கெத்தரினின் கண்கள் நிறைந்தன.

ரொசலின் ஒப்பந்தத்தை வாசித்தாள்.

"சேர், கதாநாயகின்னு என் பேரு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. அவங்களுக்கு ஒவ்வொன்னா வெளங்கப்படுத்தினா ஷூட்டிங் இழுபடும். ஒங்களுக்குச் சைகையும் தெரியும், நான் சொல்றதும் கேக்கும். அக்கா ஒங்க கூட இருந்து சொல்லிக் குடுக்கட்டும்."

'என்னவாம்?' என்று கெத்தரின் கைகளால் கேட்டாள்.

சிறு வயதிலிருந்து அக்காவின் குரலாகவே இருந்து களைத்தவள், பேனாவைப் பார்த்தாள்.

'உனக்குப் பதிலாக என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறார்.'

கெத்தரின் சிரித்தபடி தலையாட்டினாள். ரொசலின் கையெழுத்திட்டாள்.

கெத்தரின் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.