அம்பின் இடது கால்

"சுத்த டூப்ளிகேட்" என்று சொல்லி, வெங்கிடேஷ் ரயில் வேகனின் அந்த இரும்பு நம்பர் தகட்டைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டார். தகடு தரையை உரசிக்கொண்டு போய் ஒரு பித்தளை அண்டாவில் இடித்து நின்றது.

விசாலாக்ஷிக்கு முகம் சுண்டிவிட்டது. கொச்சி யூதர் தெருவான ஜூ டவுனில் அவளுடைய பழம்பொருள் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கூட வந்திருந்த ஷாஜி ஃபோர்ட் கொச்சியில் திறக்கப்போகும் ஓட்டலை அலங்கரிக்க எல்லாச் சாமானும் இங்கேயே எடுப்பதாகப் பேச்சு. ஆனால் அதற்கு வெங்கிடேஷ் தலையாட்ட வேண்டும். இதுவும் கைவிட்டுப் போனால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வெங்கிடேஷ் ரயில் சாமான்களில் புலி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான்.

"ஏம்மா, இது எந்த வேகனோடதுன்னு சொல்லி விக்கற?"

"மிலிட்டரியோட சரக்கு வேகன் சார். ஹார்பர்ல பழைய வேகனை உடைச்சப்போ, செத்துப்போன என் வீட்டுக்காரர் ஏலத்துல எடுத்தது. சத்தியமாயிட்டு."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரு வீட்டுக்காரர், எல்லாருக்கும் ஒரு ஏலம்" என்று வெங்கிடேஷ் சிரித்தார். காசு கொடுத்துக் கூட்டிவந்த தோஷத்துக்கு ஷாஜியும் சிரித்துவைத்தார்.

பிறகு புலி கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றிக் குனிந்தது.

"நல்லா கேட்டுக்கோ. ரயில்வேயோட வேகன்னா எந்த ரயில்வேங்கற எழுத்து இருக்கும். மிலிட்டரியோட சொந்த வேகன்னா நம்பருக்கு முன்னாடி மேல பாக்கற அம்பு இருக்கும். இதுலயும் அம்பு இருக்கு. ஆனா அதோட இடது கால் முழுசா இருக்கே?"

"முழுசா இருக்கக் கூடாதா சார்?"

"அசல்ல அந்தக் கால் நுனி மூளியா இருக்கும். அது மிலிட்டரிக்காரனோட ரகசிய அடையாளம். உனக்கெல்லாம் எங்க தெரியப்போகுது? என் வீட்டு ஹாலுக்கு வந்து பாரு, ஒரு சுவர் நிறைய மாட்டியிருக்கேன். அத்தனையிலும் மூளி. எல்லாம் இதே தெருவுல நானே பாத்துப் பொறுக்கினது."

விசாலாக்ஷி குனிந்து அம்பின் இடது காலை உற்றுப் பார்த்தாள்.

"சாயா எடுக்கட்டா சார்?"

"உன் சாயா எப்படி இருக்கும்னு தகட்டைப் பாத்தாலே தெரியுது."

ஷாஜிக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அசல் ஒண்ணு காட்டுங்க சேச்சி. சார் சம்மதிச்சா எல்லாமே உங்ககிட்டதான். இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போயிருவேன், வருத்தப்படாதீங்க."

"இவளா அசல் காட்டப் போறா?" என்றபடி வெங்கிடேஷ் கைக்குட்டையை உதறிக்கொண்டு படியிறங்கினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர் ஷாஜியிடம் சொல்லிக்கொண்டு போனது கடைக்குள் நன்றாகவே கேட்டது.

விசாலாக்ஷி தகட்டை எடுத்து, அதில் பட்டிருந்த செருப்பு மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். செத்த மனுஷன் ஆசையாக எடுத்துவைத்த சாமானை ஒருத்தன் காலால் தள்ளியது அவளுக்குத் தாங்கவில்லை. அதை உள்ளறைக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள்.

பிறகு, இடக்கொச்சியில் இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் சேவியருக்குப் போன் போட்டாள்.

"சேவியர் சேட்டா, நம்ம தகடு வார்க்கிற அச்சுல அம்போட இடது கால் உடைஞ்சிருக்கு, வேற அச்சு செய்யணும்னு சொன்னீங்கல்ல? வேண்டாம் கேட்டோ. அந்த மூளி அச்சுதான் அசலாம்."