கப்பல் குருடான நாள்

அட்மிரல் கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் வந்து கமாண்டரின் காதைக் கடித்தார்.

கமாண்டர் ஓட்டிவந்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கும் ஜாமரின் மூக்கில் சிவப்பு மூடி அப்படியே இருக்கிறதாம். பறக்கும் முன் யாரும் கழற்றவே இல்லையாம்.

கமாண்டர் சிரித்த முகத்தை மாற்றவில்லை. எதிரிலேயே புகைப்படக்காரர் நின்றார்.

அந்த மூக்கில் ஒரு சின்னக் காற்றாடி உண்டு. விமானம் பறக்கும்போது அது சுற்றினால்தான் ஜாமருக்குக் கரண்ட். ஜாமர் ஓடினால்தான் எதிரிக் கப்பலின் ரேடார் திரை முழுக்க வெள்ளையாகி, வருவது போவது எதுவும் தெரியாமல் போகும். மூடி போட்ட காற்றாடி எங்கே சுற்றுவது? காலையெல்லாம் கடலுக்கு மேலே சும்மா உலாப் போய்விட்டு வந்திருக்கிறார்கள், மக்கள் வரிப்பணத்தில்.

ஜாமரின் விளக்கு எரியவில்லையே என்று பின்சீட்டுக்காரர் வானத்திலேயே சொன்னார். அது என்றைக்குத்தான் எரிந்தது, பேசாமல் வா என்று அடக்கியவர் கமாண்டர். புறப்படும் முன் விமானத்தைச் சுற்றிவந்து மூடிகளைப் பார்க்கவேண்டியவரும் அவரேதான். சுற்றத்தான் செய்தார். புகைப்படக்காரரும் கூடவே வந்ததால் தொப்பியைச் சரிசெய்வதிலேயே கவனம் போய்விட்டது.

மைக் கீச்சென்று கத்தியது. எதிரியின் வாயை அடைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் படைப்பிரிவில் ஒரு மைக்கை அடக்க ஆளில்லை.

அதையும் மீறி அட்மிரல் பேசினார். மின்னணுப் போருக்கென்று தனியாக ஒரு விமானப் பிரிவு எதற்கு, கலைத்துவிடலாமே என்று போன மாதம் கேட்ட அதே அட்மிரல். இன்று அவருக்கு வாயெல்லாம் பல். பயிற்சியில் எதிரியாக நின்ற நம் போர்க்கப்பலே, திரை முழுக்க வெள்ளை, விமானம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டதாம். இனி இந்தப் பிரிவின் மேல் எவனும் கைவைக்க முடியாது என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூடியைக் கழற்றிக் கண்காணாத இடத்தில் போடு, மூச்சு விடாதே என்று கமாண்டர் பல்லைக் காட்டியபடியே மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்பினார்.

அப்பாடா என்று ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்து தொலைத்தது.

ஜாமர் ஓடவே இல்லை. பிறகு கப்பலின் திரை எப்படி வெள்ளையாயிற்று?

ரேடார் செத்துக் கிடக்கிறது, வேறென்ன. அது அவர்களுக்கே தெரியாது. எல்லாம் விமானம் செய்த வேலை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை விடிந்ததும் அந்தக் கப்பல் எல்லைக்குக் கிளம்புகிறது. அங்கே நிற்பவன் பயிற்சி எதிரி அல்ல.

அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவள் அவர் பெற்ற மகள்.

உண்மையைச் சொன்னால் பிரிவு போகும், பதவி போகும், மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஒரே பெண். பள்ளிக்கூட பஸ் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனைக்கு ஓடிய மனுஷன். கர்வம் பிடித்தவர்தான், யார் இல்லையென்றார்கள்? அதற்காகப் பெண்ணை விட்டுக்கொடுப்பாரா?

விமானக் கொட்டகையின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்ததால் உடனே எடுத்துவிட்டாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஜாமர் ஓடவில்லை, மூடியோடு பறந்தேன், தப்பு என்னுடையது, பழுது உங்கள் ரேடாரில்தான், உடனே கேப்டனிடம் சொல், நான் இப்போதே அட்மிரலிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மகள் சிரித்தாள்.

"எங்க ரேடார் நல்லாத்தான் இருக்குப்பா. நீங்க சுத்திச் சுத்தி வந்தது, நடுவுல வழி தெரியாம தெக்கே போய்ட்டுத் திரும்பினது, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். என் தங்கமே, அப்பாவுக்காகவா பொய் சொன்னாய் என்று தழுதழுத்தார்.

"நான் தெரியுதுன்னுதான் சொன்னேன். எங்க கேப்டன்தான் வெள்ளைன்னு சொல்லச் சொன்னாரு. போன வருஷம் எங்க பீரங்கி சுட்டதுல ஒண்ணுகூட குறியில படலியாம். மேலேர்ந்து பார்த்த நீங்க எல்லாமே பட்டுச்சுன்னு சொன்னீங்களாமே? அதுக்குப் பதில் மரியாதையாம்."

அவருக்கு ஞாபகம் வந்தது. குண்டுகள் இலக்குப் படகை விட்டு வெகுதூரம் தள்ளித் தண்ணீரில் விழுந்தன. கேப்டன் பழைய சிநேகிதர். மழை வேறு வரும் போலிருந்தது, எல்லோருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம். பட்டது என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது.

அப்போது மகள் அந்தக் கப்பலில் இல்லை.

அப்புறம் அந்தப் பீரங்கியைச் சரிசெய்தார்களா என்று கேட்டார்.

"எதுக்குப்பா சரி பண்ணணும்?" என்றாள் மகள், சிரிப்பு மாறாமல். "அதான் எல்லாமே பட்டுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."