ஓட்டப் பழகியவள்

பகாவ் தோட்டத்து வீட்டில், ஸ்டியரிங்கும் பெடல்களும் பொருத்திய கம்ப்யூட்டர் கார் ரேஸ் விளையாட்டில்தான் விக்டர் தன் மனைவி மிஷெலுக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தான்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? பயமா இருக்கு."

"கிளட்ச்ச மெதுவா விடுலா. நீ ஓட்டினா இனிமே யாரையும் கெஞ்ச வேணாம்."

அவன் விடவில்லை. அவள் லைசென்சும் எடுத்தாள்.

அன்று காலை கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அவனுடைய சக்கர நாற்காலியை மிஷெல் காரில் ஏற்றினாள்.

"காரைத் திருப்பி வாசல்ல நிறுத்திட்டு வந்து உங்களத் தூக்குறேன்."

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத விக்டர், கட்டிலில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. வண்டி கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

காரைத் திருப்பி நிறுத்த மூன்றாவது கியர் எதற்கு என்பது, சத்தம் செம்பனைக் காட்டுக்குள் தேய்ந்து மறைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.