இரண்டாவது டம்ளர்

ஆற்றுமேடு,
திங்கட்கிழமை.

அன்புள்ள மரகதவல்லிக்கு,

இன்று நம் வீட்டில் இருந்தவர்கள்: பெஞ்சில் நீர்வாரிய அதிகாரியம்மா, பக்கத்தில் பரிசோதகர், வாசற்படியில் ஜீப் டிரைவர், ஸ்டூலில் நான். உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

தோல் கம்பெனி விட்ட குரோமியத்தை நாணல் வேர் பாக்டீரியா பதினோரு வருடத்தில் முழுக்க இழுத்துவிட்டதாம். இனி கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்றார் பரிசோதகர். நான் இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தேன்.

"ஊர்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"ரெண்டு பேரும்மா."

"ஒரே ஆளுன்னா நாணல் பாத்திக்குத் தண்ணி பாய்ச்சுற மோட்டாரை வாரியம் நிறுத்திடும். வேர் காஞ்சிடும், அது பிடிச்சு வச்ச விஷம் இறங்கி தண்ணி பழையபடி கெட்டுடும். இன்னொருத்தர் எங்க?"

"என் வீட்டுக்காரி. கடைக்குப் போயிருக்கா."

டிரைவர் சிரித்துவிட்டார். "கடை இருபது கிலோமீட்டராச்சே அண்ணே, நடந்தா போனாங்க?"

வெள்ளிக்கிழமை மறுபடி வந்து ஆள் எண்ணுவார்களாம்.

தண்ணீர் தெளிந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். தெளிந்துவிட்டது. உன் டம்ளரைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

டவுனில் தபாலில் சேர்ப்பதாக டிரைவர் சொன்னார். உறையில் உன் விலாசத்தைப் படித்தபோது அவர் சிரிக்கவில்லை. ஜீப் கிளம்புகிறது, ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தணிகாசலம்