ஒரே பெயரில் இரண்டு அனுமதி

நெடுந்தீவு இறங்குதுறையில் பகல் பதினொரு மணி வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. சோளகக் காற்று படகுகளை ஒன்றோடொன்று இடிக்கிறது. தான் எழுதிய செயலி முதல்நாள் எப்படி ஓடுகிறதென்று பார்க்க வந்த பைரவி, ஐஸ்பெட்டி மேல் மடிக்கணினியை வைத்து, கையால் திரைக்கு நிழல் பிடிக்கிறாள். காற்று நாளில் ஓட்டியும் துறைப் பொறுப்பாளரும் அந்தச் செயலியில் சம்மதித்தால்தான் படகு புறப்படலாம். முப்பது பேர் ஏறிவிட்டார்கள். ஓட்டி வேதநாதன் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருக்கிறார். அவருடைய கைபேசியில், புறப்படலாம் என்று பச்சை தெரிகிறது. “பொறுப்பாளர் எங்கை அண்ணை?” என்கிறாள் பைரவி. “அவர் லீவிலை, தங்கச்சி. இண்டைக்கு அந்த வேலையும் நான்தான். ரெண்டு பொத்தானையும் நான்தான் அமத்தினனான்.”

பைரவி தான் எழுதிய வரிகளைத் திரையில் தேடிப் பார்க்கிறாள். இரண்டு அனுமதி இருக்கிறதா என்றுதான் செயலி பார்க்கிறது. இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை. “பிழை என்ரை. ரெண்டு நிமிசம் பொறுங்கோ.” தயங்காமல் ஒரு வரியை அழித்து, வேறொன்றை எழுதிச் செயலியில் ஏற்றுகிறாள். “இப்ப அமத்திப் பாருங்கோ.” அவர் இரண்டையும் அழுத்துகிறார். திரை சிவக்கிறது: இன்னொருவர் வேண்டும். படகுக்குள் ஒரு குழந்தை சிணுங்குகிறது. வேதநாதன் திரையைப் பார்க்கிறார், பிறகு நுரைத்துக் கிடக்கும் கடலைப் பார்க்கிறார். “உது திறம். இந்தக் காத்திலை போகலாமோ எண்டு காலமை தொடக்கம் நான் என்னட்டைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.” சொல்லிக்கொண்டே, அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டையில் சுற்றுகிறார்.