எலுமிச்சம்பழம் ஏறிய ஜீப்

காடுமேடு ஏறப்போகிறேன் என்று உடம்பை உயர்த்திக்கொண்ட ஜீப்புக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சக்கரங்களை உடம்போடு பிணைத்துத் தாங்கும் கைகளான பழைய கன்ட்ரோல் ஆர்ம்கள் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. புதிது வாங்கப் பட்டறைக்கு வந்தது.

"என்னை எடுத்துக்கோங்க, கெட்டி இரும்பு. பாறை மேலயே ஏறலாம்" என்றது கறுப்பு ஆர்ம்.

"அது கிடக்கட்டும். டீக்கடையில நிறுத்தினா நாலு பேர் கண்ணுக்குத் தெரிவியா?" என்றது ஜீப்.

"நான் தெரிவேன்!" என்று மினுக்கியது சிவப்பு ஆர்ம்.

எவ்வளவு பாரம் தாங்குவாய் என்றுகூடக் கேட்காமல் ஜீப் அதையே மாட்டிக்கொண்டது. பட்டறை வாசலிலேயே மாலை, சந்தனம், பூஜை. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் கம்பீரமாக ஏறியது. பழம் நசுங்குவதற்குள் சிவப்பு ஆர்ம் மளுக்கென்று ஒடிந்தது.

மூக்கு மண்ணில் குத்திக் கிடந்த ஜீப், உள்ளே அலமாரியில் இருந்த கறுப்பு ஆர்மைப் பார்த்துச் சீறியது: "எல்லாம் உன் கொள்ளிக்கண்ணு பட்டதுதான்டா!"