ரோட்டுப் பக்கம் நிழல் விழக் கூடாது

“வெளியேருந்து பார்த்தா உள்ள யாரு இருக்கான்னு தெரியக் கூடாது லா. ஆனா உள்ளே மயிரிழை கெடந்தாலும் பளிச்சுனு தெரியணும். அப்படி ஒரு லைட் குடு தம்பி.”

எலக்ட்ரிக் கடையில் புருஷன் ஹரிதாஸ் இப்படிக் கேட்டதும், அடுப்படிக்கு சுவிட்ச் பார்த்துக்கொண்டிருந்த இந்திராதேவியின் கை அப்படியே நின்றது. கடற்கரையில் தூண்டில் போட உட்காருகிற டெண்டுக்குத்தான் இந்த விளக்கு; ஒளித்துவைக்கிற மாதிரி அதற்குள் அப்படி யார் உட்காரப் போகிறார்களாம்?

கடைக்காரன் தினேஷ்வரன் இரண்டு பேட்டரி விளக்குகளை எடுத்துவைத்தான். “மஞ்ச லைட்டுக்குப் பூச்சி கம்மியா வரும்ணே.”

ஹரிதாஸ் இரண்டையும் எரியவிட்டு, உள்ளங்கையை அடியில் நீட்டி ரேகையை உற்று உற்றுப் பார்த்தார். “வெள்ளையே குடு. மஞ்சள்ல மெல்லிசா இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது.”

“தூண்டில் நரம்பு கட்டவாண்ணே?”

“ஆங்... நரம்புதான், நரம்புதான்,” என்றார். ஒரு தடவை சொன்னால் போதாதா? இந்திராதேவி அதையும் மனதில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கார் நிறுத்துகிற இடத்தில் டெண்டை விரித்தார். உள்ளே இரண்டு மடக்கு நாற்காலிகள். “இந்திரா, அதுல கொஞ்சம் உட்காரு,” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நாலு பக்கமும் சுற்றி வந்தார்.

விளக்கை உச்சியில் தொங்கவிட்டார். “ம்ஹூம், சுத்திலும் நிழல் விழுது.” கழற்றி, கேட்டைப் பார்த்த பக்கத்துக் கம்பியில் கட்டினார். இப்போது நிழல் பின்பக்கத் துணியில் மட்டும்தான் விழுந்தது. “இதுதான் சரி. ரோட்டுலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. அங்க பின்னாடி கடல்தானே!”

“எதுக்குங்க இவ்ளோ பாடு?”

“நிழல் ஆடினா மீன் கிட்டயே வராது.”

“மீன் கடல்லதானே இருக்கு? நிழலை அந்தப் பக்கம் தள்ளிட்டு ரோட்டுப் பக்கம் மறைக்கிறீங்களே, ரோட்டுலயா மீன் நீந்துது?”

ஹரிதாஸ் விளக்கை அவிழ்த்தார். “அது... காத்து அடிக்கிற பக்கம் அப்படி லா,” என்று டெண்டை மடக்கத் தொடங்கிவிட்டார்.

கட்டின பொண்டாட்டியை உட்காரவைத்தே எவளுக்கோ அளவு பார்க்கிறாரே! அதுவும் புரட்டாசி மாதத்தில். வீட்டில் முட்டை வாசம்கூடக் கிடையாது. பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறாராம், அதற்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கா பத்து கடற்கரையாம்! திரும்பி வரும்போது வாயில் கிராம்பு வாசனை, கையில் சோப்பு வாசனை. ஐஸ் பெட்டியிலிருந்து வாரம் இரண்டு எலுமிச்சம்பழம் வேறு காணாமல் போகிறது. அவளுக்கு ஜூஸ் போட்டுக் கொடுப்பார்போல.

கண் ஆபரேஷன் செய்த மாமியாரை, இந்திராதேவியின் அம்மாவை, போகிற வழியில் பஜனைக்கு இறக்கிவிட்டு, வரும்போது மறக்காமல் ஏற்றிவருகிற மனுஷன். அவரா இப்படி? இருபத்திரண்டு வருஷக் குடும்பம் இப்படியா போகும்?

பக்கத்துத் தெருவிலிருந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தாள். பாக்கியலட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

“மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டா வாய் புழுத்துடும்டி. தங்கமான மனுஷன்! இந்த ஊர்ல அவர் மாதிரி ஒருத்தர் உண்டா?”

“அப்பாவை விட்டுக் கேக்கச் சொல்லும்மா.”

“அய்யய்யோ, அவரா? வேற வினையே வேணாம்!”

அதுவும் நியாயம்தான். அப்பா தம்புசாமி கோவில் தலைவர். போன வருஷம் புரட்டாசியில் கோழிச்சோறு சாப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லி மைக்கிலேயே கிழித்தவர். மகள் வீட்டு விவகாரம் அவர் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை. ஹரிதாஸ் வழக்கம்போல மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏழரை மணிக்கு இந்திராதேவி தன் மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

மீன் சுடுகிற கடைகளைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்கு அப்பால் டெண்ட் தெரிந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் வெளிச்சம்தான், ஒரு நிழலும் இல்லை. பரவாயில்லை, நல்ல வேலைக்காரர்! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மணலில் சுற்றிக் கடல் பக்கம் போய் நின்றாள்.

துணியில் இரண்டு நிழல்கள்.

ஒன்று தொப்பையோடு அவர். எதிரே இருந்ததற்குக் கொண்டை. அவர் எதையோ மெல்லக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து எதிரே நீட்டினார். கொண்டை குனிந்து வாங்கி வாயில் போட்டுக்கொண்டது.

ஒரு நாளாவது தனக்கு இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறாரா இந்த மனுஷன்? இந்திராதேவி அழுகையும் ஆத்திரமுமாகப் பாய்ந்துபோய், ஜிப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வாழையிலையில் மிளகாய்ச் சம்பல் தடவிச் சுட்ட மீன். பக்கத்தில் நறுக்கிய எலுமிச்சம்பழம். முள் எடுத்த துண்டோடு ஹரிதாஸின் கை அந்தரத்தில் நின்றது. எதிரே இருந்த கொண்டை மென்றதை அவசரமாக விழுங்கிவிட்டு நிமிர்ந்தது.

“உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடி!”